நெடுநேரக் கார்ப் பந்தயமும் மாற்று ஆற்றல் கார்களும்

நெடுநேரக் கார்ப் பந்தயம் என்பது ஓட்டுநரின் வேகத்தோடு, காரின் உழைக்கும் திறனையும் எரிபொருள் சிக்கனத்தையும் சேர்த்துச் சோதிக்கும் பந்தய வகையாகும். ஆங்கிலப் பெயரைத் தழுவி இதை 'என்டூரன்ஸ் ரேஸ்' என்றும் சொல்கிறோம். இப்பந்தயங்கள் பெரும்பாலும் 6 மணி, 12 மணி, 24 மணி என நேர அளவில் நடைபெறுகின்றன. குறித்த நேரத்துக்குள் அதிகச் சுற்றுகளை முடிக்கும் கார் வெற்றி பெறும். ஒரே காரை இரண்டு, மூன்று அல்லது நான்கு ஓட்டுநர்கள் முறை வைத்து ஓட்டுவார்கள். எரிபொருள் நிரப்பவும், டயர் மாற்றவும், பழுது பார்க்கவும் கார் இடையிடையே நிறுத்துமிடத்துக்கு வர வேண்டும். அங்கே செலவாகும் நேரமும் பந்தய நேரத்தில் சேர்த்தே கணக்கிடப்படும்.

தமிழ்நாட்டில் இந்தப் பந்தய வகை பரவலாகப் பேசப்பட்டது 2025 ஜனவரியில். நடிகர் அஜித்குமார் தொடங்கிய பந்தய அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் '991' என்னும் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. 'ஒரு காரை எதற்காக 24 மணி நேரம் விடாமல் ஓட்ட வேண்டும்?' என்று அப்போது பலரும் கேட்டனர். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதோடு, டீசல், ஹைபிரிட், எத்தனால், ஹைட்ரஜன் போன்ற மாற்று ஆற்றல் கார்கள் இந்தப் பந்தயங்களில் முன்னேறிய கதையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

லே மான்ஸ் பந்தயம்

நெடுநேரப் பந்தயங்களில் புகழ் பெற்றது பிரான்சு நாட்டின் லே மான்ஸ் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம். முதல் பந்தயம் 1923 மே மாதம் நடந்தது. இப்போது வழக்கமாக ஜூன் மாதத்தில் நடைபெறுகிறது. ஒரு சுற்றின் நீளம் 13.626 கி.மீ. இதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் பொதுமக்கள் பயன்படுத்தும் சாலையாகும். 2010இல் வென்ற அவுடி கார் 24 மணி நேரத்தில் 5,410 கி.மீ. ஓடியது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் தூரத்தைப் போல இது ஏறத்தாழ 16 மடங்கு.

லே மான்ஸ் தொடக்கத்திலிருந்தே கார்த் தொழிலின் சோதனைக் கூடமாக இருந்து வருகிறது. இன்று நம் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் உள்ள டிஸ்க் பிரேக்கின் திறனை உலகுக்குக் காட்டிய நிகழ்வுகளில் ஒன்று, 1953 லே மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார் பெற்ற வெற்றி.

வேகம் மட்டும் ஏன் போதாது?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை.

'அ' என்ற கார் ஒவ்வொரு சுற்றிலும் 'ஆ' என்ற காரைவிட 1 விநாடி வேகமானது. ஆனால் ஒரு முறை டாங்கியை நிரப்பினால் 'அ' 10 சுற்று ஓடும். 'ஆ' 12 சுற்று ஓடும். எரிபொருள் நிரப்ப ஒரு முறை நின்று புறப்பட 70 விநாடி ஆகிறது. பந்தயம் மொத்தம் 380 சுற்று.

- வேகத்தால் 'அ' பெறும் ஆதாயம்: 380 × 1 = 380 விநாடி.
- 'அ' நிற்க வேண்டிய தடவைகள்: 37. 'ஆ' நிற்க வேண்டிய தடவைகள்: 31.
- கூடுதலாக 6 முறை நிற்பதால் 'அ' இழக்கும் நேரம்: 6 × 70 = 420 விநாடி.

வேகம் குறைந்த 'ஆ' 40 விநாடி முன்னால் வந்து வெல்கிறது.

நெடுநேரப் பந்தயத்தின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு சொட்டு எரிபொருளிலிருந்தும் அதிகத் தூரம் பெறும் கார் குறைவாக நிற்கும்; குறைவாக நிற்கும் கார் வெல்லும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் பந்தயத்தில் இந்த ஆதாயம் சிறிது. 24 மணி நேரத்தில் அது பெருகிவிடும். பெட்ரோலுக்கு மாற்றான ஆற்றல் முறைகள் இவ்வகைப் பந்தயத்தில் முன்னுக்கு வந்ததற்கு இதுவே முதல் காரணம்.

முன்னோடிகள்

1931இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் கார் கலந்துகொண்டது. வேகத்தில் அது பின்தங்கியே இருந்தது. ஆனால் 500 மைலையும் (ஏறத்தாழ 800 கி.மீ.) ஒரு முறைகூட நிற்காமல் ஓடி 13ஆம் இடத்தில் முடித்தது. மேலே பார்த்த கணக்கின் முதல் நல்ல எடுத்துக்காட்டு இது.

1960களில் விமானங்களில் உள்ளதைப் போன்ற எரிவளிச் சுழலி எஞ்சின் பொருத்திய ரோவர்-பிஆர்எம் கார் லே மான்ஸில் ஓடியது. 1965இல் அது 10ஆம் இடம் பிடித்தது. 2004இல் நாசாமேக்ஸ் அணியின் கார் எத்தனாலில் ஓடி லே மான்ஸ் பந்தயத்தை முடித்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் எத்தனால் காருக்குப் பெரிய டாங்கி வேண்டும், அல்லது அடிக்கடி நிற்க வேண்டும்.

டீசல் காலம் (2006-2011)

டீசல் எஞ்சின் காவிரிப் படுகையினருக்குப் புதிதன்று. பம்புசெட்டிலும் டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் அதைப் பார்த்திருக்கிறோம். கனமானது, புகை விடும், ஆனால் நின்று உழைக்கும் என்பதே அதைப் பற்றிய நம் எண்ணம். அத்தகைய எஞ்சின் பந்தயத்தில் வெல்லும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

2006இல் அவுடியின் ஆர்10 டிடிஐ என்னும் 12 சிலிண்டர் டீசல் கார் லே மான்ஸில் வென்றது. டீசல் கார் ஒன்று அங்கு பெற்ற முதல் வெற்றி இது. 2007, 2008, 2010, 2011 ஆண்டுகளில் அவுடியும், 2009இல் பெஜோவும் டீசல் கார்களிலேயே வென்றன.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல் ஆற்றல் உள்ளது. மேலும், டீசல் எஞ்சின் காற்றை மிகுதியாக அழுத்தி எரிப்பதால், எரிபொருளின் வெப்பத்தில் அதிகப் பங்கை இயக்கமாக மாற்றுகிறது.

ஹைபிரிட் காலம் (2012 முதல்)

ஓடும் காருக்கு இயக்க ஆற்றல் உண்டு என்பதைப் பள்ளி இயற்பியலிலேயே படிக்கிறோம். பிரேக் போடும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறி வீணாகிறது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு வளைவுக்காக 100 கி.மீ. வேகத்துக்குக் குறையும்போது, அதன் இயக்க ஆற்றலில் ஒன்பதில் எட்டுப் பங்கு போய்விடுகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே இயக்க ஆற்றல் அமைவதால் இப்படி ஆகிறது. லே மான்ஸில் ஒவ்வொரு சுற்றிலும் இது பலமுறை நிகழும்.

இந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிச் சேமித்து, வளைவைத் தாண்டியதும் மின்மோட்டார் வழியாகத் திரும்பப் பயன்படுத்துவதே ஹைபிரிட் முறை. எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து காரை இயக்கும்.

2007இல் ஜப்பானின் டொகாச்சி 24 மணி நேரப் பந்தயத்தில் டொயோட்டா சுப்ரா ஹைபிரிட் கார் வென்றது. 2012இல் லே மான்ஸில் அவுடியின் டீசல் ஹைபிரிட் கார் வென்றது. அது முதல் 2025 வரை அங்கு முதலிடம் பெற்ற கார்கள் அனைத்தும் ஹைபிரிட் கார்களே: 2014 வரை அவுடி, 2015 முதல் 2017 வரை போர்ஷே, 2018 முதல் 2022 வரை டொயோட்டா, 2023 முதல் 2025 வரை ஃபெராரி.

தொடக்க ஆண்டுகளில் மின்னாற்றலைச் சேமிக்க மூன்று நிறுவனங்கள் மூன்று வழிகளைக் கையாண்டன.

- அவுடி: மிக வேகமாகச் சுழலும் சக்கரம். குயவரின் திரிகை ஒருமுறை சுற்றிவிட்டால் நெடுநேரம் சுழல்வதைப் போல, சுழற்சியிலேயே ஆற்றலைத் தேக்கும் முறை.
- டொயோட்டா: பெருமின்தேக்கி. மின்சாரத்தை விரைவாக ஏற்று, விரைவாகக் கொடுக்கும். ஆனால் கொள்ளளவு குறைவு.
- போர்ஷே: லித்தியம் அயனி பேட்டரி. பிரேக் ஆற்றலோடு, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் ஆற்றலையும் இக்கார் மீட்டது.

போட்டியில் பேட்டரி முறையே நிலைத்தது. அவுடியும் டொயோட்டாவும் 2016இல் பேட்டரிக்கு மாறின. போர்ஷே அப்பந்தயக் காரில் கையாண்ட 800 வோல்ட் மின்னமைப்பு பின்னர் அதன் டைக்கான் என்னும் மின்காருக்கு வந்தது.

2014இல் வந்த விதி ஒன்றும் குறிப்பிடத்தக்கது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு எரிபொருள் ஆற்றல் செலவிடலாம் என்பதற்கே அவ்வாண்டு வரம்பு விதித்தார்கள். மீட்ட ஆற்றலை அதிகம் பயன்படுத்தும் காருக்கு எரிபொருள் குறைவாக அளக்கப்பட்டது. முறை வைத்து, அளந்து தண்ணீர் விடும் வாய்க்கால் பாசனத்தோடு இதை ஒப்பிடலாம். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துவிட்டால், வீணாக்காதவர் வயலே விளையும். அந்த விதியின் கீழ் பொறியாளர்கள் கவனம் முழுவதும் வீணாவதைக் குறைப்பதில் சென்றது.

டீசலின் செல்வாக்கு இதற்கிடையில் சரிந்தது. 2015இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் புகைச் சோதனை மோசடி வெளிப்பட்டது. அக்குழுமத்தைச் சேர்ந்த அவுடி 2016 இறுதியில் இப்பந்தயங்களிலிருந்து விலகியது.

முழு மின்கார்களின் நிலை

முழுவதும் பேட்டரியில் ஓடும் கார் லே மான்ஸில் இன்னும் வெல்லவில்லை. காரணம் எடை. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. ஒரு கிலோ எடையுள்ள கார் பேட்டரித் தொகுதி சேமிப்பது பெரும்பாலும் 0.2 கிலோவாட் மணி அளவே. பெட்ரோல் எஞ்சின் பாதிக்கு மேல் வீணாக்குகிறது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு கிலோ பெட்ரோலின் வேலையைச் செய்ய 20 கிலோவுக்கு மேல் பேட்டரி வேண்டும். பெட்ரோல் நிரப்ப ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். பேட்டரியில் மின்னேற்ற அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

மின்கார்களுக்கெனத் தனியாக 2014இல் தொடங்கிய ஃபார்முலா இ பந்தயத்திலும் இச்சிக்கல் தெரிந்தது. அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பந்தயம். ஆயினும் முதல் நான்கு பருவங்களில் ஒரு பேட்டரி இறுதிவரை தாங்கவில்லை. ஓட்டுநர்கள் பாதியில் ஒரு காரிலிருந்து இறங்கி மற்றொரு காரில் ஏறி ஓட்டினார்கள். 2018இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரில்தான் ஒரே பேட்டரியில் பந்தயத்தை முடிக்க முடிந்தது. நான்கு ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த முன்னேற்றம் சிறிதன்று.

ஹைட்ரஜன்

2021இல் ஜப்பானின் ஃபுஜி 24 மணி நேரப் பந்தயத்தில், ஹைட்ரஜனை எஞ்சினில் நேரடியாக எரித்து ஓடும் டொயோட்டா கொரோலா கார் இறங்கியது. அந்நிறுவனத்தின் தலைவர் அகியோ டொயோடாவே ஓட்டுநர்களில் ஒருவர். கார் பந்தயத்தை முடித்தது. ஆனால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே அது ஓடுதளத்தில் இருந்தது. மீதி நேரம் ஹைட்ரஜன் நிரப்புவதிலும் சரிபார்ப்பதிலும் சென்றது. 2023இல் அதே பந்தயத்துக்கு, கழிவு 253 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்த திரவ ஹைட்ரஜனுடன் வந்தார்கள். திரவ நிலையில் குறைந்த இடத்தில் அதிக ஹைட்ரஜனை அடைக்கலாம் என்பதே நோக்கம். லே மான்ஸிலும் ஹைட்ரஜன் பிரிவு ஒன்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் தொடக்கம் பலமுறை தள்ளிப் போடப்பட்டது.

தமிழ்நாட்டின் பங்கு

தமிழ்நாட்டின் கார்ப் பந்தய வரலாறு சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று அங்கு பந்தயத் தளமாகியது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளப் பந்தயச் சாலையை அமைத்தது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதன் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009இல் லே மான்ஸ் பந்தயத்துக்கு அவுடி ஆர்10 டீசல் காரின் ஓட்டுநராகத் தேர்வானார். பந்தயம் தொடங்குமுன் தோளில் அடிபட்டதால் அவரால் ஓட்ட இயலவில்லை. 2021 ஆசிய லே மான்ஸ் தொடரில் அவர் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோருடன் முழு இந்திய அணியாகப் பங்கேற்றார்.

சென்னையின் கருண் சந்தோக் 2012இல் லே மான்ஸில் ஓடிய முதல் இந்தியரானார். அவர் இடம்பெற்ற ஜேஆர்எம் அணி பெட்ரோல் காரில் ஆறாம் இடம் பெற்றது. ஹைபிரிட் கார் முதன்முதலாக அங்கு வென்றதும் அதே பந்தயத்தில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஃபார்முலா இ தொடங்கியபோது, அவர் இந்தியாவின் மகிந்திரா அணிக்காக மின்காரை ஓட்டினார். 2023 பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது.

மாணவர்களின் முயற்சிகள் தனியே குறிப்பிடத்தக்கவை. சென்னை ஐஐடியின் 'ரஃப்தார்' மாணவர் குழு 2022 நவம்பரில் தன் முதல் மின்பந்தயக் காரை வெளியிட்டது. அதே நிறுவனத்தின் 'அக்னிரத்' குழு 'ஆக்னேயா' என்னும் சூரிய ஒளிக் காரைக் கட்டி, 2023இல் ஆஸ்திரேலியாவின் உலகச் சூரிய ஒளிக் கார்ப் போட்டிக்குச் சென்றது. டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கி.மீ. தூரம் செல்லும் இதுவும் நெடுநேரப் பந்தயமே. முதன்மைப் பிரிவில் ஒரு காருக்கு அனுமதிக்கப்பட்ட சூரியத் தகட்டின் பரப்பு 4 சதுர மீட்டர்; நல்ல வெயிலில் அது தரும் மின்திறன் ஏறத்தாழ 1,000 வாட். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு! அதைக்கொண்டு அவ்வாண்டு வென்ற பெல்ஜிய நாட்டு அணி மணிக்குச் சராசரியாக 88 கி.மீ. வேகத்தில் சென்றது.

கோவையில் கல்லூரி மாணவர்களுக்காக நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டியில் மின்கார்ப் பிரிவும் உண்டு. ஏறத்தாழ 22 கி.மீ. நெடுந்தூர ஓட்டமும், அதில் எவ்வளவு ஆற்றல் செலவானது என்ற கணக்கும் அங்கே மதிப்பெண் பெறுகின்றன. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார் கடைசிச் சுற்றுவரை ஓடுகிறதா என்பதே அங்கு பெரிய தேர்வு.

காவிரிப் படுகையும் எரிபொருள் கேள்வியும்

பெட்ரோலுக்கு மாற்று எது என்ற கேள்வி தஞ்சை வட்டாரத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. நம் நெல்வயல்களுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் உள்ளன. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993 முதல் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களால் நிலமும் நீரும் கெடும் என்று உழவர்கள் தொடர்ந்து போராடினார்கள். 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்து, படுகையில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளுக்குத் தடை விதித்தது.

மாற்று எரிபொருளும் வயலிலிருந்தே வரத் தொடங்கியுள்ளது. லே மான்ஸ் உள்ளிட்ட உலக நெடுநேரப் பந்தயத் தொடரில் 2022 முதல் பயன்படும் எரிபொருள், திராட்சை மதுத் தயாரிப்பில் மிஞ்சும் கசடிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்தியாவில் அரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும்படி அமைக்கப்பட்டது. அதாவது, ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஒரு போகத்தில் 300 லிட்டர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பஞ்சாப், அரியானாவில் வைக்கோலை வயலிலேயே எரிக்கும் வழக்கம் உண்டு. அதனால் அங்கே எத்தனால் ஆலை புகையையும் குறைக்கிறது. நம் பக்கம் வைக்கோல் மாட்டுத் தீவனம். காளான் வளர்ப்புக்கும் அது பயன்படுகிறது. இயந்திர அறுவடைக்குப் பின் கட்டுகளாகக் கட்டி லாரிகளில் வெளியூர்களுக்கும் போகிறது. எனவே அங்கே கழிவாக உள்ளது இங்கே கழிவன்று. அதை எரிபொருளாக்கினால் தீவன விலை ஏறும்; கறவை மாடு வைத்திருக்கும் சிறு குடும்பங்களே முதலில் பாதிக்கப்படும்.

அரிசியிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். ஒரு டன் அரிசியில் ஏறத்தாழ 450 லிட்டர் கிடைக்கும். இந்திய உணவுக் கழகம் எத்தனால் ஆலைகளுக்கு அரிசி தருவதை 2023 ஜூலையில் நிறுத்தியது. பின்னர் மீண்டும் தொடங்கியது. உணவா, எரிபொருளா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை என்பதையே இது காட்டுகிறது.

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

'புகையில்லாக் கார்', 'பசுமை எரிபொருள்' என்று எந்த விளம்பரத்தைக் கண்டாலும் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நெடுநேரப் பந்தயங்கள் கற்றுத் தந்த கேள்விகள் இவை.

1. ஒரு கிலோவில் அல்லது ஒரு லிட்டரில் எவ்வளவு ஆற்றல் அடங்கியுள்ளது?
2. தீர்ந்தால் மீண்டும் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்?
3. அந்த ஆற்றலில் எவ்வளவு சக்கரத்துக்குப் போகிறது, எவ்வளவு வீணாகிறது? வீணாவதை மீட்க வழி உண்டா?
4. அது எதிலிருந்து வந்தது? நிலக்கரி மின்சாரமா, சூரிய ஒளியா, வயலின் விளைச்சலா?
5. எரிபொருளாக்காவிட்டால் அந்தப் பொருள் யாருக்கு, எதற்குப் பயன்பட்டிருக்கும்?

முதல் மூன்று கேள்விகளுக்குப் பந்தயச் சாலை 24 மணி நேரத்தில் விடை தந்துவிடும். கடைசி இரண்டுக்கும் விடை பந்தயச் சாலைக்கு வெளியே இருக்கிறது. பொறியியல் படிக்கப் போகும் காவிரிப் படுகை மாணவர்கள் ஐந்து கேள்விகளையும் சேர்த்தே கேட்டுப் பழக வேண்டும்.